பிர்க்கலான் கடையின் மழைக்கோட்டுகள்

பிர்க்கலான் கிழவர் தன் துணிக்கடையை மூடிய மறுவாரம், விற்காமல் தேங்கிய சரக்கெல்லாம் பட்டறைக்கு வந்து இறங்கியது. ஊர்க் கடைகள் கழித்துவிடும் பொருள்களைப் பிரித்து, நல்லதைப் பள்ளிகளுக்குக் கொடுத்து, மிச்சத்தைப் பையாகவும் மிதியடியாகவும் தைப்பதுதான் அங்கே வேலை. வேலை செய்வது இரண்டே பேர், சிஸ்ஸலும் தூருனும்.

சிஸ்ஸல் வரும்போது மூன்று பெட்டிகள் தனியாக வாசலோரம் கிடந்தன. மேலே தூருனின் கையெழுத்தில் 'மக்கியது, எரிக்க' என்றிருந்தது. ஒட்டிய நாடாவைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"திறக்காமலே மக்கிப்போச்சுன்னு எப்படிடி தெரிஞ்சுது உனக்கு? ஞானதிருஷ்டியா?"

"நாத்தம் வருது. விடேன்."

"எனக்கு மூக்கு இல்லையா? ஒரு நாத்தமும் வரல."

"எல்லாத்துலயும் மூக்க நுழைக்காதடி. சொன்னா கேளு."

தூருன் யாரையும் கடிந்து பேசுகிறவள் அல்ல. சிஸ்ஸலுக்கு வீம்பு வந்துவிட்டது. கத்தியை எடுத்து நாடாவைக் கிழித்தாள்.

உள்ளே மஞ்சள் மழைக்கோட்டுகள். குழந்தைகளுக்கானவை, பச்சை உள்துணி வைத்தவை. பதினோரு வருடங்களுக்கு முன்னால், படகுத்துறையில் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து மூழ்கிய அன்று, அவள் மகன் அஸ்லாக் போட்டிருந்தது இதே மாதிரிக் கோட்டுதான். அவனுக்கு அப்போது ஐந்து வயது.

அடக்கம் முடிந்ததும் ஊர் அவன் பெயரை வாயிலிருந்தே எடுத்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு மழையைப் பற்றி நாளெல்லாம் பேச வரும், செத்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எதிரே வந்தால், "இன்னிக்குக் காத்து அதிகம்" என்று சொல்லிவிட்டு நழுவுவார்கள். அஸ்லாக் என்று ஒருவன் இருந்ததே தன் மனப்பிராந்தியோ என்று சில காலைகளில் அவளுக்கே சந்தேகம் வரும். அவன் நினைவாக இந்த உலகத்தில் இருப்பது தான் ஒருத்திதான் என்று நினைத்து, அவள் அந்த ஊரையே வெறுத்தாள்.

"மூடு, சிஸ்ஸல். நான் கொண்டுபோய்ப் போட்டுடறேன்" என்றாள் தூருன். குரல் கெஞ்சியது.

"நல்ல கோட்டை எரிக்கக் கூடாது. சட்டம் நீதானே எழுதி ஒட்டினே?"

பழைய மழைக்கோட்டு என்றால் கொடியில் தொங்கவிட்டு, குழாயால் தண்ணீர் அடித்து, உள்ளே ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பத்தாறு கோட்டுகளையும் அவளே மாட்டினாள். தண்ணீர் பட்டதும் கைகள் அசைந்தன, தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. குழாயை நிறுத்தினாள். நாற்பத்தாறு பிள்ளைகள் முகமில்லாமல் நின்று தரையில் சொட்டினார்கள். கடைசிக் கொக்கியில் இருந்தது சற்று மெதுவாக, மற்றவை நின்ற பிறகும், ஆடிக்கொண்டிருந்தது. அதையே முதலில் தொட்டாள்.

உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. ஆனால் கழுத்துப் பட்டியில், பாலர் பள்ளிக்கு அனுப்பும்போது ஒட்டுவார்களே, அந்தப் பெயர்த்துண்டு இருந்தது. 'வில்டே.' அது தூருனின் மகள் பெயர். முழங்கையில் தேய்மானம், பாக்கெட்டில் மணல்.

அடுத்தது புதுசு. அதற்கடுத்ததில் 'ஊலாவ்.' பிறகு 'யோருன்.' பன்னிரண்டு கோட்டுகளில் பன்னிரண்டு பெயர்கள். எல்லாம் அஸ்லாக்கின் வகுப்பு.

"விக்காத சரக்குல இதெல்லாம் எப்படிடி வந்துது?"

தூருன் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்பிக் கொடுத்துட்டோம். அடக்கத்துக்கு மறுநாளே. தெருவுல இந்த மஞ்சள் உன் கண்ணுல படக்கூடாதுன்னு. யாரும் கூடிப் பேசல. நான் கடைக்குப் போனா எனக்கு முன்னாடி நாலு பேர் நிக்கறாங்க. கிழவரும் புதுசையெல்லாம் உள்ள தூக்கி வெச்சுட்டாரு. இப்ப எந்தப் பெட்டின்னும் அவர்தான் எனக்குச் சொல்லி அனுப்பினாரு."

சிஸ்ஸலுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"கோட்டை ஒளிச்சு வெச்சீங்க, சரி. அவன் பேரையும் ஏண்டி ஒளிச்சீங்க? ஒருத்தி, ஒரே ஒருத்தி வந்து 'அஸ்லாக்'னு சொல்லியிருந்தா நான் மனுஷியா இருந்திருப்பேனே!"

"உனக்கு வலிக்கும்னு பயந்தோம்."

"சொல்லாததுதாண்டி வலிச்சுது."

தூருன் மூக்கை உறிஞ்சினாள்.

"வில்டே இன்னிக்கும் நண்டு திங்க மாட்டா. பதினாறு வயசாச்சு. 'தட்டுல வெச்சா அதுக்குக் கூச்சமா இருக்கும்னு அஸ்லாக் சொன்னான்'ம்பா."

அவன் அப்படிச் சொன்னது சிஸ்ஸலுக்குத் தெரியாது. அவன் சொன்னதையெல்லாம் அவள் ஆயிரம் தடவை நினைத்து முடித்துவிட்டாள், புதிதாக ஒன்று இனி வராது என்றிருந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிறகு பேரேட்டை எடுத்து, 'புதியது முப்பத்துநாலு, பாலர் பள்ளிக்கு' என்று எழுதினாள்.

"தெருவுல போட்டுக்கிட்டுப் போவாங்களே, தாங்குவியா?" என்றாள் தூருன்.

"போகட்டும். மழைக்கு நனையாம இருக்கட்டும்."

பெயர் இருந்த பன்னிரண்டையும் துடைத்து, மடித்துக் கைவண்டியில் அடுக்கினாள். வாசலில் நின்று கேட்டாள்:

"ஊலாவ்கிட்டயும் அஸ்லாக் ஏதாவது சொல்லியிருப்பான். அவன் வீடு இன்னும் சர்ச்சுக்குப் பின்னாலதானே இருக்கு?"