வேப்பமர நிழலில் ஒரு நிலப்பனை

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியவன் நான் இல்லை என்று எழுதுவதற்காகத்தான் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

முதல் தொடக்கம்: "1974, தை மாதம். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல்..."

(வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொன்னால் கப்பலும் முத்தும் எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரு வேப்பமரமும் அதன் நிழலும்தான்.)

இரண்டாவது: "ஞானசௌந்தரி டீச்சர் நாசரேத்துக்காரர். பள்ளியில் தாவரவியல் எடுப்பவர். அவர் வீட்டின் பின்கட்டில் நான் குடியிருந்தேன்." இது இருக்கட்டும். உண்மை.

2

டீச்சர் பாபநாசம் காட்டிலிருந்து நிலப்பனைச் செடி ஒன்றைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். சாண் உயரம், மடிப்பு மடிப்பாய் நீண்ட இலை. மண்ணை ஒட்டி மஞ்சளாகப் பூக்குமாம். எங்கள் கிணறு உப்பு. அதனால் மழைத் தண்ணீரைப் பானையில் பிடித்துவைத்து டம்ளரில் ஊற்றுவார். இரண்டு வருஷமாகப் பூக்கவில்லை.

"இந்த உப்பு ஊர்ல ஒரு காட்டுப்பூவாவது பூக்கட்டும்லே. அதைப் பாத்துட்டுத்தான் ரிட்டயராவேன்" என்பார்.

என் கதைகளுக்கு முதல் வாசகரும் அவர்தான். பொய் எழுதினால் ஓரத்தில் சிவப்புப் பென்சில் கோடு விழும்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆவுடையப்பன் என்ற உப்பள மேஸ்திரி அங்கே வந்தான். சாத்தான்குளத்துக்காரன். பனங்காட்டில் வளர்ந்தவனுக்குத் தை மாதத்தில் அப்படி ஓர் இலையைக் கண்டால் கை சும்மா இருக்காது. பனங்கிழங்கு என்று நினைத்துப் பிடுங்கினான். விரல் நீளத்தில் ஏதோ கறுப்பாக வந்தது. தோலைச் சுரண்டிக் கடித்தான். ஒரே கசப்பு, வழவழப்பு. துப்பிவிட்டு மிச்சத்தைத் துவைகல்லுக்குப் பின்னால் எறிந்தா...

(உப்பள மேஸ்திரிக்கு டீச்சர் வீட்டுக் கொல்லையில் என்ன வேலை? அங்கே இருந்த சாத்தான்குளத்துக்காரன் ஒருவன்தான். பெயர் பொன்னுதுரை. இதை எழுதிக்கொண்டிருப்பவன். சரி, ஒப்புக்கொண்டேன்.)

4

கடித்த பிறகுதான் புத்தி வந்தது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டைக்குப் போய், சாலையோரத்தில் அதே உயரத்தில் ஒரு பனங்கன்றைத் தோண்டிவந்து அதே குழியில் நட்டேன். இலை அச்சு அசல். மாலையில் டீச்சர் டம்ளரோடு வந்தார், ஊற்றினார், போய்விட்டார். நான் பிழைத்தேன். கன்றும் பிழைத்துக்கொண்டது, அதுதான் வினை.

மூன்றாம் வருஷம் அது விசிறி இலை விட்டது. இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும் அது பனை என்று. டீச்சர் மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றினார். "இந்த வருஷமும் பூக்கலையேலே, பொன்னுதுரை" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். நான் சைக்கிளைத் துடைக்கக் குனிந்துகொள்வேன். அவ்வளவு வெட்கம்.

இது 1978, ஐப்பசி. வருகிற மே மாதம் அவருக்கு ஓய்வு.

5

முடிவு அ: காலில் விழுகிறேன், மன்னிக்கிறார். (எனக்குச் சாதகமான முடிவு. சந்தேகத்துக்குரியது.)

முடிவு ஆ: பேச்சை நிறுத்திவிடுகிறார். இனி என் கதைகளுக்குக் கோடு போட ஆளில்லை. (இதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.)

முடிவு இ:

ஒன்றும் ஓடவில்லை. இதுவரை எழுதியதை டீச்சர் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

6

மாலையில் தாள்கள் திரும்பி வந்தன. மூன்றாம் பகுதியில் 'அதிகாலை' மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பில்: "மத்தியானம் மூன்று மணி. ஜன்னலில் நின்றேன்."

"டீச்சர், அன்னைக்கே ஏன் கேக்கல?"

"நீயா வந்து சொல்லுதியான்னு பாத்தேன். இங்கன வா."

துவைகல்லுக்குப் பின்னால், நான் கடித்து எறிந்த மிச்சத்திலிருந்து ஒரு நிலப்பனை சாண் உயரம் நின்றது.

"மழைத்தண்ணி எல்லாம் இதுக்குத்தான். உன் பனைக்கு ஊத்துனது கெணத்துத் தண்ணி. இதுவும் இன்னும் பூக்கலை. கடிச்சவன்தான் இனி ஊத்தணும்" என்று டம்ளரை என் கையில் கொடுத்தார்.

மழை தொடங்கிவிட்டது. தினமும் குனிந்து பார்க்கிறேன். பூத்ததா என்று நான் எழுதப் போவதில்லை. என்னை விட்டால் பூக்காததையும் பூத்ததென்று எழுதிவிடுவேன். கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பார்த்து எழுதுங்கள், டீச்சர் ஜன்னலில் நிற்கிறார்.