குழாயின் உயரம்

வீட்டில் அவளுக்குப் பெயர் மேலிடம். வைத்தவர் கணவர். சோபா எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்க வேண்டும், மகள் எந்தக் கல்லூரியில் சேர வேண்டும், கொழுந்தனுக்கு வந்திருக்கும் வரன் தேறுமா தேறாதா, எல்லாவற்றுக்கும் உத்தரவு அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். வரவும் நேரமாகாது. செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்துவிடுவாள்.

வீடு கட்டும்போது சமையலறை அலமாரியை எந்த உயரத்தில் பதிப்பது என்று ஆசாரி கேட்டதற்கும் அவள்தான் பதில் சொன்னாள். தன் கையைத் தூக்கிக் காட்டி, "எனக்கு எட்டணும், அவ்வளவுதான்" என்றாள். அந்தச் சமையலறையில் அவள் சமைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கணவர் பள்ளி ஆசிரியர், சீக்கிரம் வீடு திரும்பிவிடுவார், சமையல் அவர் பொறுப்பு. ஆறடி ஆள். அடுப்பிலிருந்து நிமிரும்போதெல்லாம் அலமாரி விளிம்பு அவர் நெற்றியைப் பதம் பார்க்கும். ஆறு வருடமாக அந்த வீட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். அவளும் மகளும் சிரித்துக்கொண்டே தட்டு எடுக்கப் போவார்கள்.

இப்படிப்பட்ட மேலிடம், அலுவலகத்தில் ஓர் ஏணி வாங்க மூன்று மின்னஞ்சல் எழுதும்.

அது ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் கள அலுவலகம். ஊருக்குக் குடிநீர்க் குழாய் போடும் வேலை. அவள்தான் அங்கே பொறுப்பாளர், பன்னிரண்டு வருடமாக. ஆனால் தலைமையகம் எங்கோ கடல் தாண்டி இருந்தது. இங்கே மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில்தான் அங்கே கதவையே திறப்பார்கள். 'தங்கள் ஒப்புதலை எதிர்பார்க்கிறேன்' என்று எழுதி எழுதி, பால்காரருக்குச் சீட்டு எழுதினாலும் கடைசியில் அந்த வரி தானாக வந்து விழுந்துவிடும் போலிருந்தது.

போன மாதம்தான் அந்தக் கடிதம் வந்தது. இனிமேல் களத்து முடிவுகளைக் கள அலுவலகமே எடுக்கும், வரைபடத்தை மாற்றுவதானாலும் பொறுப்பாளரின் கையெழுத்தே போதும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே இரண்டு நாள் பயிற்சி, புது முத்திரை.

"பரவாயில்லையே! இனிமே அங்கயும் நீதான் மேலிடமா?" என்றார் கணவர்.

அவள் சிரித்தாள். ஆனால் கடிதத்தை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வழக்கம்போல மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தாள்.

சோதனை ஒரு காலைப் பொழுதில், மணல் குவியல் பக்கத்தில் வந்தது. மொத்தம் நாற்பது தெருக்குழாய்த் தூண்கள், தூணுக்கு இரண்டு குழாய். மாதிரிக்காக ஒன்றை எட்டு மாதத்துக்கு முன்பே கட்டியிருந்தார்கள். வரைபடத்தின்படி மேடைக்கும் குழாயின் வாய்க்கும் இடையே சரியாக ஒரு அடி. வரைந்த மனிதர் தன் வீட்டு வாளியை வைத்து அளந்திருப்பார், பாவம். இந்த ஊர்க் குடமும் கேனும் அதற்குக் கீழே நுழையவில்லை. சாய்த்துப் பிடித்தால் பாதிதான் நிறையும். ஜனங்கள் ஒரு சைக்கிள் டியூப் துண்டைக் குழாயில் மாட்டிவிட்டார்கள். அதன் நுனி நாளெல்லாம் சேற்றில் புரண்டது. சுத்தமான தண்ணீர் கொடுக்கத்தான் இத்தனை பாடு, அது வீட்டுக்குப் போவதோ சேறு வழியாக. அவள் அப்போதே எழுதினாள். 'குறித்துக்கொண்டோம், நன்றி' என்று பதில் வந்தது. அதற்கு மேல் மூச்சே இல்லை.

"மேடம், மிஷின் வந்தாச்சு. இன்னைக்குப் பத்து தூணுக்குக் கான்கிரீட் போடறோம். பைப்பை எந்த உயரத்துல நிறுத்தட்டும்?" என்றார் கொத்தனார்.

"வரைபடத்துலதான் போட்டிருக்கே."

"போட்டிருக்கு. அதனாலதான் கேக்கறேன்."

மனுஷன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் கைபேசியை எடுத்து, நின்ற இடத்திலேயே தலைமையகத்துத் திட்ட மேலாளருக்கு எழுதினாள். உயரத்தை மாற்ற முடிவு செய்திருக்கிறோம், தங்கள் ஒப்புதலை எதிர்பார்க்கிறேன். அனுப்பிய மறு நொடியே பதில் வந்தது. அங்கே விடியக்கூட இல்லையே, நமக்காக விழித்திருக்கிறார்களே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

தானாக வரும் பதில் அது. மேலாளர் இரண்டு வாரம் விடுப்பில் இருக்கிறார். கடைசியில் ஒரு வரி: அவசர முடிவுகளுக்கு உங்கள் கள அலுவலகத்தை அணுகவும்.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு கொத்தனாருக்கும் படித்துக் காட்டினாள்.

"கள அலுவலகம்னா யாரு மேடம்?"

"நான்தான்."

"அப்ப அணுகிடலாமா?"

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. இத்தனை வருடம் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒரு சுகம் இருந்திருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. தப்பு நேர்ந்தால் அது கப்பலேறி அந்தப் பக்கம் போய்விடும், இவள் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இனி அது நடக்காது. முதல் முடிவிலேயே சொதப்பினால் கொடுத்த அதிகாரத்தை வந்த வேகத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். சும்மா இருந்தாலோ, முப்பத்தொன்பது தெருவில் முப்பத்தொன்பது டியூப் தொங்கும்.

"மிஷின் ஒரு மணி நேரம் நிக்கட்டும்" என்றாள். "தெருவுல எல்லாரையும் அவங்கவங்க தண்ணி பிடிக்கிற பாத்திரத்தோட வரச் சொல்லுங்க."

வந்தார்கள். குடம், கேன், அண்டா, ஒருவர் வீட்டுப் பெயின்ட் டப்பா. அவள் அளவுநாடாவோடு தரையில் மண்டி போட்டு ஒவ்வொன்றாக அளந்தாள். டீக்கடைக்காரரின் கேன்தான் எல்லாவற்றிலும் உயரம். அது நுழைய ஒன்றேமுக்கால் அடி வேண்டும். சரி, அதுதான் கணக்கு என்று அவள் எழுந்தபோது, சலவைக்காரம்மா வாளியை 'ணங்' என்று கீழே வைத்தாள்.

"அவ்வளவு உசரத்துல வச்சா வாளியில விழறது பாதி, என் மேல தெறிக்கிறது பாதி. நான் துணியைத்தான் குளிப்பாட்ட வந்தேன், என்னையில்ல."

கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது. இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் அவளும் ஒரே பாத்திரத்தை அளந்துவிட்டு வரைபடம் போட்டவள் ஆகியிருப்பாள்.

"கொத்தனாரே, தூணுக்கு ரெண்டு குழாய்தானே? ரெண்டும் ஒரே உயரத்துலதான் இருக்கணுமா?"

"நீங்க இதை எப்ப கேப்பீங்கன்னுதான் நின்னுட்டிருக்கேன்" என்றார் அவர்.

ஒன்று ஒரு அடியில், மற்றது ஒன்றேமுக்கால் அடியில். சிமெண்டு மூட்டையின் மேல் வரைபடத்தை விரித்து, பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாற்றத்தைத் தலைமையகத்துக்கு எழுதித் தெரிவித்தாள், ஒப்புதல் கோரும் வரியை மட்டும் எழுதவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் பத்துத் தூணிலும் தண்ணீர் வந்தது. ஒன்றிலும் டியூப் இல்லை. விடுப்பு முடிந்து வந்த மேலாளரிடமிருந்து பதிலும் வந்தது: 'இதற்கு என்னை ஏன் கேட்டீர்கள்? மற்ற இரண்டு நாட்டுக் கள அலுவலகங்கள் உங்கள் வரைபடத்தைக் கேட்கின்றன, அனுப்புங்கள்.'

அவள் அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்து, கணவர் பின்னாலேயே சமையலறைக்குப் போய், குடத்தையும் வாளியையும் கையால் அளந்து காட்டி மூச்சு விடாமல் சொன்னாள். அவர் அடுப்பைக் குறைத்தபடி ரசித்துக் கேட்டார். "அடி சக்கை!" என்று நிமிர்ந்தார். டொக்.

அவளுக்கு வழக்கம்போல் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"இது எவ்வளவு நாளா இடிக்குது உங்களுக்கு?"

"வீடு கட்டினதுலேர்ந்துதான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. குடி வந்த வாரமே சொன்னேன். பார்க்கலாம்னு சொன்ன." குறையாகச் சொல்லவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார்.

குறித்துக்கொண்டோம், நன்றி. அவளுக்கு முகம் சூடேறியது. தன்மேல் அத்தனை வெட்கமாக இருந்தது. மகளின் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து வந்து நீட்டினாள்.

"நீங்களே கோடு போடுங்க. எங்க போட்டாலும் சரி. எனக்கு எட்டலன்னா ஸ்டூல் போட்டுக்கறேன்."

அவர் பென்சிலை வாங்கவில்லை. ஒரு மாதிரி கூச்சத்தோடு சிரித்துவிட்டு, அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றினார். பின்னால், அலமாரி விளிம்பைவிட அரை அடி மேலே, ஒரு பென்சில் கோடு ஏற்கெனவே இருந்தது. எண்ணெய்ப் புகையில் மங்கிப் போயிருந்தது. அதன் ஓரத்தில் அவருடைய பொடி எழுத்தில், 'அவளுக்கும் எட்டும்.'

அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். எட்டியது.

"நாளைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு..." என்று ஆரம்பித்தவள், வாயை மூடிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.