தேளுக்கு வேண்டியது இருட்டு

செம்மேட்டுச் சந்தையிலிருந்து திரும்பிய சத்யா, வரவேற்பு மேசைமேல் தன் கண்ணாடித் தொட்டி இருப்பதைப் பார்த்ததும் காய்கறிப் பையைக் கீழே வைக்கவில்லை, போட்டாள். தக்காளி நாலா பக்கமும் உருண்டது.

தொட்டிக்குள் செம்மண்ணைக் காணோம், மரப்பட்டையைக் காணோம். மீன் தொட்டிக்குப் போடும் வெள்ளைக் கூழாங்கல்லைப் பரப்பி, பிளாஸ்டிக் செடி ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். மேலே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுடைய கருந்தேள் ஒரு மூலையில் ஒண்டி, இடுக்கிக் கைகளை முகத்தோடு சேர்த்துக்கொண்டு கிடந்தது.

பேளுக்குறிச்சியில் பிறந்து, கல்யாணமாகி மலையேறி வந்தவள் சத்யா. கணவன் ரமேஷ்குமாரோடு சேர்ந்து செம்மேட்டில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறாள். 2001 ஐப்பசி மழையில், விறகுக் குவியலுக்கு அடியில் உள்ளங்கை நீளத்துக்கு இந்தத் தேள் கிடந்தது. ரமேஷ்குமார் செருப்பைக் கழற்றினான். அவள் முந்திக்கொண்டு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டாள். ஓடாமல் நின்று வாலைத் தூக்கிய அதன் வீம்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

வளர்க்கத் தெரிந்தா வளர்த்தாள்? முதலில் ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் மண் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, அதற்குள் விட்டாள். தேள் வாடிச் சுருண்டது. ஈரம் போதவில்லை என்று தண்ணீரைக் கொட்டினாள். மண்ணில் பூசணம் பூத்தது. கடைசியில் விறகுக் குவியலுக்கே போய், தேள் இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது. அடியில் பிழிந்த துணி மாதிரி ஈரம், குளிர்ச்சி, கும்மிருட்டு. அதையே ஒரு பழைய மீன் தொட்டிக்குள் கட்டினாள். தோண்டிப் பதுங்கும் ஆழத்துக்குச் செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் போட்டாள். ஒரு பாதிக்கு மட்டும் தண்ணீர் தெளித்து மறு பாதியைக் காயவிட்டாள். ஒரு மரப்பட்டையைச் சாய்த்து, பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்து, மேலே கம்பி வலை போட்டு இறுக்கி, வெயில் படாத சாமான் அறையில் வைத்தாள். மறுநாளே தேள் பட்டைக்கு அடியில் வளை தோண்டிவிட்டது. புது ஊடு கட்டிக் குடி வைத்த மாதிரி இருந்தது சத்யாவுக்கு.

அந்த ஊட்டைத்தான் இப்போது ரமேஷ்குமார் கலைத்திருக்கிறான்.

"ஏனுங்க, யாரைக் கேட்டு இதத் தூக்கிட்டு வந்தீங்க?"

"மண்ணுக்குள்ள ஒளிஞ்சு கெடந்தா வாரவங்க எப்படிப் பாக்கறது புள்ள?"

"அதுக்குப் பாக்கற ஆளு வேண்டாங்க. இருட்டு வேணும், ஈரம் வேணும்."

ரமேஷ்குமார் சிரித்தான். ஆடி மாதக் கூட்டம் வரப்போகிறது, வேறெந்த விடுதியிலும் இப்படி ஒன்று கிடையாது என்றான். கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கைக் காட்டினால் தேள் பச்சையாக ஒளிர்வதை வேறு அவன் கண்டுபிடித்திருந்தான். கூட்டமும் வந்தது. விளக்கைப் போட்டதும் கை தட்டினார்கள். நகராவிட்டால் வண்டிச் சாவியால் கண்ணாடியைத் தட்டினார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சத்யா பல்பை அணைத்தாள்; அவன் போட்டான். ஒதுங்க நிழலாகட்டும் என்று உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தாள். அவன் எடுத்து எறிந்தான். அடுப்படியில் தலைக்கு மேல் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஒரு நாள் காலையில் சமையலுக்கு உதவும் பெருமாயி அவளைக் கூப்பிட்டு, தேள் முதுகில் அரிசி ஒட்டின மாதிரி என்னவோ இருக்கிறது என்றாள். சத்யா ஓடிப்போய்ப் பார்த்தாள். குட்டிகள்! பால் நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தாயின் முதுகு தெரியாமல் அப்பிக்கிடந்தன. அதுவரை கெஞ்சாதவள் அன்றைக்குப் புருஷனிடம் கெஞ்சினாள். இனிமேலாவது உள்ளே இருட்டில் இருக்கட்டும் என்றாள். சாயங்காலம் எடுத்து வைத்துக்கொள் என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

மத்தியானமே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. சத்தம் கேட்டுச் சத்யா வெளியே வந்தபோது கேமராக்கள் பளிச் பளிச்சென்று மின்னின, நீல விளக்கு எரிந்தது, எவனோ சாவியால் தட்டிக்கொண்டிருந்தான். குட்டிகள் பாதி உதிர்ந்து கூழாங்கல்மேல் கிடந்தன. தாய் அதிலொன்றை இடுக்கியில் பிடித்து மென்றுகொண்டிருந்தது.

"பெத்ததையே திங்குது பாரு" என்றது கூட்டம்.

விவரம் தெரிந்தவன் குரலில் ரமேஷ்குமார் சொன்னான்: "தேள் ஜாதியே அப்படித்தானுங்க."

குட்டிகள் செத்ததைக்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

"தேள் ஜாதி அப்படி இல்லீங்க. ஒண்ட எடமில்லாம, ஈரமில்லாம, ராவும் பகலும் தட்டித் தட்டி அதக் கிறுக்காக்குனது நீங்க. செஞ்சது நீங்க, பழி அதுக்கா?"

தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். தேளோடு வருகிற பெண்ணை மறிப்பதற்கு ஆளில்லை. கூட்டம் தானாக வழி விட்டது.

சாமான் அறையில் மறுபடி மண்ணைக் கொட்டினாள், ஒரு பாதியில் தண்ணீர் தெளித்தாள், பட்டையைச் சாய்த்தாள். தாயைக் கிடுக்கியால் மெல்லப் பிடித்து, முதுகில் மிச்சமிருந்த குட்டிகளோடு உள்ளே விட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தேளைக் காட்டச் சொல்லிக் கேட்ட விருந்தாளிகளிடம், அருவி இருக்கிறது போய்ப் பாருங்கள் என்றாள். ரமேஷ்குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான், அவள் எழுப்பவில்லை.

தப்பிய குட்டிகள் முதல் சட்டையை உரித்துக் கருத்து, ஒவ்வொன்றாக முதுகைவிட்டு இறங்கின. அவற்றை மிளகுக்கொடிக்குப் பின்னால், மக்கிய கட்டைக்கு அடியில் கொண்டுபோய் விட்டாள். தாயைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

ரமேஷ்குமார் தப்பு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. குட்டி தின்ற தேளின் கதையை இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அவன் ஆரம்பித்தது காதில் விழுந்தால் சத்யா அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிடுவாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தாலும் சரி, நடந்தது என்ன என்று முதலிலிருந்து சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.