வருஷம் தவறாமல் நீக்கப்பட்ட வாத்தியார்

ஐம்பதுகளின் கடைசியில், விருதுநகர் மிளகாய் வியாபாரி கனகசபாபதி ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். நடத்தினார் என்றால், தன் மிளகாய்க் கிட்டங்கியில் மூட்டை போக மிச்சம் இருந்த இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்தார். அங்கே மணி அடித்தது நான். ஏழாம் வாய்ப்பாட்டைத் தும்மாமல் முடித்த பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் கண்ணீரும் கம்பலையுமாக நின்றுவிட்டு, இங்கே நடக்கும் பாடம் நெஞ்சை உருக்குகிறது என்று எழுதிவைத்துப் போனார். முதலாளி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

வாத்தியார் சோலைமலை காரியாபட்டிக்காரர். டெம்பரவரி. ஏப்ரல் கடைசியில் அவரை நீக்குவார்கள். ஜூனில் மறுபடி சேர்ப்பார்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கொடுக்காமலிருக்க முதலாளி கண்ட வழி அது. நடுவில் ஆள் வேறெங்கும் ஓடிவிடக் கூடாதே. அதனால் அவருடைய அசல் சர்டிபிகேட்டுகள் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன.

ஒரு மே மாதம் சோலைமலைக்கு ரயில்வேயில் நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை அசல் சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. சனிக்கிழமை கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

“நிரந்தர வேலை மொதலாளி. சர்டிபிகேட்டு வேணும்.”

முதலாளி மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “வருசம் தவறாம ஏப்ரல்ல உன்னைய நீக்குதேன். ஒரு வருசமாச்சும் மறந்திருக்கேனா? இதைவிட நிரந்தரம் எங்கன இருக்கு?”

“அதான் நீக்கிட்டீகளே. இப்ப நான் உங்க ஆளே இல்லையே.”

“நீக்குனது சம்பளத்துக்கு. ஆளு என் ஆளுதான். போ வாத்தி, ஜூன்ல வா.”

சோலைமலைக்கு முகம் செத்துப்போனது. முதலாளிக்கு அது போதவில்லை. “அப்படி என்ன பெரிய உத்தியோகம்? கொடி ஆட்டுறதா?”

“இங்கன கூட்ஸ் ஷெட்டுல கிளார்க்கு. சரக்கு ஏத்த வேகன் ஒதுக்குறது.”

முதலாளி கையிலிருந்த வற்றல் கீழே விழுந்தது. அவருடைய லோடு முழுவதும் அந்த ஷெட் வழியாகத்தான் வெளியூர் போக வேண்டும். எழுந்தார். தன் நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

“நிக்கிறீகளே சார். உக்காருங்க. காப்பி சாப்பிட்டீகளா?”

இரும்புப் பெட்டி திறந்த வேகத்தில் கடையிலிருந்த பல்லிகள் எல்லாம் அடுத்த கடைக்குக் குடிபோயின.

“நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து போறவுக நீங்க. நம்ம லோடை மறந்துறாதீக.”

“மறப்பேனா மொதலாளி?”

மறக்கவில்லை. மறு வருஷம் ஏப்ரல் கடைசி வரைக்கும் வேகன் ஒழுங்காகக் கிடைத்தது. மே பிறந்ததும் நின்றது. முதலாளி ஷெட்டுக்கு ஓடிவந்தார்.

“ஏப்ரலோட உங்க சரக்கை நீக்கியாச்சு மொதலாளி,” என்றார் சோலைமலை, தலை நிமிராமல். “ஜூன்ல வாங்க, மறுபடி சேத்துக்கிடுவோம். அதுவரைக்கும் மூட்டைக இங்கனயே பத்திரமா கிடக்கட்டும்.”

மூட்டைகள் தண்டவாளத்தை ஒட்டி மலையாகக் கிடந்தன. காற்று வேறு அடித்தது. தூத்துக்குடி வண்டி, டிரைவர் முதல் கார்டு வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டியது. மூட்டைமேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்து, யாரோ பெரிய ஆள் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று சன்னலோரப் பெண்கள் ஒப்பாரியே வைத்தார்கள்.

கனகசபாபதிக்காக அத்தனை பேர் அழுதது அந்த ஒரு மே மாதம்தான்.