தறிக்கூடத்து முகம்

அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை என்பது இத்தனை நாள் தெரியாமல் போனதற்குத் தறிதான் காரணம். அவள் வேலை பார்க்கும், முப்பது தறிகள் சேர்ந்து ஓடும் கூடத்தில் யாருக்குமே எதுவும் கேட்காது. நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார் – எல்லாப் பேச்சும் உதட்டிலும் புருவத்திலும்தான். வீட்டிலும் அம்மா எங்கள் வாயைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடக்கையில் தள்ளாடத் தொடங்கியதும் மில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். போனை வலது காதில் மட்டுமே வைக்கிறாள் என்றும் சொன்னேன்.

“இருபது வருஷம் தறியில நின்னா காது போகத்தாம்மா செய்யும்,” என்றார், நிமிராமல்.

“ரெண்டு பக்கமும் தறி ஓடுது சார். சத்தம் இடது காதுக்கு மட்டும் தனியா வருதா?”

“நீ டாக்டருக்கா படிச்சிருக்க?”

“பி.காம். எண்ணத் தெரியும். காது ரெண்டு.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிய பிறகுதான் நான் எழுந்தேன்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மண்டையோட்டின் அடியில், காதுக்குப் போகும் நரம்பில், கோலிக்குண்டு அளவு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம்.

“அந்தக் காது திரும்பாது,” என்றார் அறுவை மருத்துவர். “முகத்தக் காப்பாத்தப் பாக்குறோம். ஆபரேஷன் முழுக்க அந்த நரம்ப மெஷின்ல கவனிச்சிட்டே இருப்போம். ரொம்ப ஒட்டியிருந்தா கட்டியில கொஞ்சம் விட்டுடுவோம், நரம்ப இழுக்க மாட்டோம்.”

“காது போனா போகட்டும் சார். வாய் கோணிடுச்சுன்னா தறிக்கூடத்துல நான் ஊமை,” என்றாள் அம்மா.

எட்டு மணி நேரம் கத்தி வைத்தார்கள். மறுநாள் காலை தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே மருத்துவர் குனிந்து ஏதோ செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதுகு அம்மாவை மறைத்தது. நகருய்யா என்று மனசுக்குள் திட்டினேன்.

நகர்ந்தார். தலை நிறையக் கட்டோடு அம்மா என்னைக் கண்ணால் தேடிப் பிடித்தாள். புருவம் இரண்டும் ஏறின. சத்தமில்லாமல் உதடு அசைந்தது.

“தலைய வாருடி. பேய் மாதிரி நிக்கிற.”

“நீ மொதல்ல கண்ணாடியப் பாரு,” என்றேன், நானும் உதட்டாலேயே.

சிரித்தாள். உதட்டின் இரண்டு ஓரமும் ஒன்றாக மேலே போயின. எண்ணிப் பார்த்தேன்: இரண்டு. மில் டாக்டரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் அப்படியே இருக்கின்றன; நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். சீப்புக்காகப் பையைத் துழாவினேன். கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.