மூன்றாவது முனை

கிரீச்சென்று பிரேக் போட்டு நின்றது வெள்ளைக் கார். திருப்பூர் நல்லூரில், நாகஜோதியின் கார் வாஷ் வாசலில் காயப் போட்டிருந்த மேட் ஒன்று அதன் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"மெதுவாங்க. மேட்டுக்கு உசுரில்ல, எனக்கு இருக்குது," என்றாள் நாகஜோதி.

பின் சீட்டிலிருந்து இறங்கிய சுப்புலட்சுமி, கதவை உடனே சாத்தினாள். வேலம்பாளையத்தில் குழந்தை உடுப்பு தைக்கும் கம்பெனியில் அவள் குவாலிட்டி சூப்பர்வைசர்.

"யாரும் உள்ள ஏறாதீங்க அம்மணி. ஊசி ஒடிஞ்சிருச்சு."

நாற்பத்தெட்டு சாம்பிள் சட்டைகள் பன்னிரண்டு மணிக்குக் காங்கயம் ரோட்டில் பையர் ஆபீஸில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் லேபிளை மாற்றச் சொல்லிவிட்டார்கள். அதனால் காரிலேயே கையால் தைத்துக்கொண்டு வந்தாள். வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டதில் ஊசி ஒடிந்தது. காதுப் பக்கத் துண்டு விரலில் நின்றது, முனையைக் காணோம்.

குழந்தை உடுப்பு தைக்கிற இடத்தில் ஊசி ஒடிந்தால், எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். பொருத்திப் பார்த்து, டேப் போட்டுத் தாளில் ஒட்ட வேண்டும். அதுவரை சட்டைப் பெட்டி நகராது. நகராவிட்டால் நான்கு மாதம் அலைந்து பிடித்த ஆர்டர் போய்விடும். அந்த ஆர்டரை நம்பி அவள் லைனில் முப்பது பேர் இருந்தார்கள்.

"சட்டையெல்லாம் காந்தம் வெச்சுத் தடவியாச்சுங்க. அதுல இல்ல. காருக்குள்ளதான் கெடக்குது. ஆனா இங்க காந்தம் வெச்சா சீட்டுக் கம்பியில போய் ஒட்டிக்குது."

டிரைவர் ராக்கையா தென்காசிப் பக்கத்துக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். "இன்னொரு ஊசிய ஒடிச்சு ஒட்டிருங்க மேடம். முனைக்கு என்ன மூஞ்சியா இருக்கு?"

சுப்புலட்சுமி விரலில் இருந்த காதுத் துண்டை நாகஜோதியிடம் நீட்டிக் காட்டினாள்.

நாகஜோதி தன் வேக்குவத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். அதை அவள் வாங்கிய கதை நல்லூரில் பிரசித்தம். கடைக்காரர் பெரிய மோட்டார், எவர்சில்வர் டிரம் என்று காட்டிக்கொண்டே போக, இவள் கொண்டுபோன சாக்கைக் கடை நடுவில் கவிழ்த்தாள். நிட்டிங் யூனிட்டில் கூட்டிய பஞ்சு, ஒரு கை மணல், நாலு மிட்டாய்க் காகிதம்.

"இதை உறிஞ்சற மிசினைக் காட்டுங்க. ஹெச்.பி. அப்புறம் பேசலாம்."

பெரிய மோட்டாரின் ஃபில்டரில் பஞ்சு கம்பளியாகப் போர்த்தி, இரண்டு நிமிடத்தில் அது இரைக்க ஆரம்பித்தது. ஜெயித்தது ஓரமாகக் கிடந்த முப்பது லிட்டர் பிளாஸ்டிக் டிரம். குழாய் அகலம், பின் சீட்டுவரை எட்டும் நீளம், கழுவிக் காயவைக்கிற ஃபில்டர். வாங்கி வந்ததும், சட்டைக் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் குழாயாகப் பின்னி வந்த ஒரு துண்டை ஃபில்டருக்கு உறையாக மாட்டினாள். பஞ்சு உறையோடு நின்றுவிடும், உதறினால் விழும். திருப்பூர்த் தூசிக்குத் திருப்பூர்த் துணிதான் மருந்து என்பது அவள் கண்டுபிடிப்பு.

இப்போது டிரம்மைக் காலி செய்து, ஈரத் துணியால் துடைத்தாள்.

"நேரம் போவுது அம்மணி."

"உள்ள எது விழுந்தாலும் இந்தக் கார்ல இருந்து விழுந்ததுன்னு தெரியோணும்லீங்க அக்கா."

சந்து பொந்துக்குப் போகும் ஒல்லி மூக்கை மாட்டி, அதன் வாயில் பனியன் துணியை ரப்பர் பேண்டால் கட்டினாள். சிக்குவது துணியிலேயே நிற்கும்.

சுப்புலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "ஒத்தைத் துணி ஆகாது. பனியன் பின்னல் கண்ணுல நுழையறதுக்குன்னே செஞ்ச முனை அது. ரெண்டா மடிச்சு, குறுக்கும் நெடுக்குமாப் போடு."

"அதான் நீங்க துணி பாக்கறீங்க, நா தூசி பாக்கறேன்," என்று மடித்துக் கட்டினாள் நாகஜோதி.

மோட்டார் உறுமியது. இடது கையால் சீட்டுச் சந்தை விரித்து, வலது கையால் மூக்கை விரல் விரலாக நகர்த்தினாள். இழுத்துத் தேய்க்கவில்லை. காது மட்டும் மோட்டாரிலேயே இருந்தது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் மூக்கை வானம் பார்க்கத் திருப்பி, அதன் பிறகே சுவிட்சை அணைப்பாள். முன்னாலேயே அணைத்தால் சிக்கியது மறுபடி விழுந்துவிடும்.

இடது பக்கக் கதவோரம் டிக் என்றது. துணியில் ஒரு முனை.

"கெடச்சிருச்சுல்லா. ஏறுங்க," என்றார் ராக்கையா.

சுப்புலட்சுமி ஒடிந்த ஊசியோடு அதைச் சேர்த்துப் பிடித்தாள். துரு ஏறியிருந்தது. தடிமனும் வேறு. ஒரு காகிதத்தில் வைத்தாள். அப்போது கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் போன் செய்தார்.

"ஒண்ணு கெடச்சுதுங்க. ஆனா நம்முளுது இல்லீங்க."

"அப்ப தேடுங்க," என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது முனை சீட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் கிடைத்தது. வளைந்திருந்தது, அதுவும் பொருந்தவில்லை. மணி பதினொன்றே கால். சுப்புலட்சுமியின் நெற்றி வியர்வை கழுத்தில் இறங்கியது. நாகஜோதி மோட்டாரை நிறுத்தி, அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, எந்தக் கையில தெச்சீங்க?"

"நா எடக்கைங்க."

"அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா? எடக்கையில தெச்சா முனை சோத்தாங்கைப் பக்கமுல்ல பாத்திருக்கும். அந்தப் பக்கந்தான் பறந்திருக்கோணும்."

சுற்றி ஓடி மறு கதவைத் திறந்தாள். சீட் பெல்ட் மாட்டும் பூட்டின் வாயில் மூக்கை வைத்தாள். சத்தம் கீச்சென்று ஏறியது. மூக்கு வானம் பார்த்தது; மோட்டார் அடங்கியது. மடித்த துணியின் மேல் மடிப்பைத் துளைத்து, அடி மடிப்பில் குறுக்காக மாட்டி நின்றது ஒரு வெள்ளி மினுக்கு.

இரண்டு துண்டும் ஒடிந்த இடம் தெரியாமல் சேர்ந்தன. சுப்புலட்சுமி தாளில் வைத்து டேப் ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டாள். நாகஜோதியின் பஞ்சு படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

காரில் ஏறும்போதுதான் காகிதத்தில் மிச்சமிருந்த இரண்டு முனைகளும் கண்ணில் பட்டன.

"ராக்கையா, இதெல்லாம் யாரு ஊசிங்க?"

ராக்கையா சாவியைத் திருகாமல் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசமா இந்த வண்டிய ஓட்டுதேன் மேடம். ஊசி ஒடிஞ்சதுக்கு வண்டிய நிறுத்தச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."