பத்து நிமிடம் மூத்தவள்

கே.கே. நகர் நரம்பு டாக்டரின் கிளினிக்கில் ஆராய்ச்சி மாணவி ராஜஸ்ரீ கேள்வித்தாளோடு வந்து உட்கார்ந்ததும், முத்திருளன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே ஸ்கூட்டிச் சாவி இருந்தது. வண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கிளியுடையது, டீச்சர் சம்பளத்தில் அவளே வாங்கியது. எட்டு மாதத்துக்கு முன் வகுப்பில் நின்றுகொண்டிருந்தவளுக்கு இடது கால் மரத்து, வலது கண் மங்கி, ஸ்கேன் எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று வாயில் நுழையாத ஒரு பேரைச் சொன்னார்கள். அன்றைக்கு அவன் பைக்குள் போன சாவி அது. அதிலிருந்து அவள் எங்கே போனாலும் பின்சீட்டுதான். இப்போது மருந்து கேட்டுக் காலும் கண்ணும் திரும்பிவிட்டன. சற்றுமுன் டாக்டரே, "உச்சி வெயில் மட்டும் ஆகாது. மத்தபடி தாராளமா வண்டி ஓட்டலாம்மா" என்றார். ஆனாலும் சாவி வெளியே வந்தபாடில்லை. கூடப்பிறந்த பாசமென்றால் சும்மாவா!

"ரெட்டைப் பிள்ளைங்களா நீங்க?" என்றாள் ராஜஸ்ரீ. "அப்ப உங்களையும் கேக்கணும் சார். இந்த நோய் ஆம்பளைங்களவிடப் பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு வருது. வளந்த விதத்துலயும் காரணம் இருக்கான்னு தேடுறோம்."

"எங்களுக்குள்ள என்னங்க வித்தியாசம்? ஒரே வயிறு, ஒரே சோறு. இவ பத்து நிமிசம் முன்னாடி வந்துட்டா, அம்புட்டுத்தான்." அந்தப் பத்து நிமிடத்துக்கெல்லாம் அக்காவா என்று, முப்பத்தியிரண்டு வருஷமாகப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

சின்ன வயதில் தினம் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தீர்கள் என்பது முதல் கேள்வி.

"காலைல கெளம்புனா பொழுது சாயத்தான் வீடு. கம்மாய், கபடி, மலையடி... எங்கன கணக்கு வைக்க?"

செல்லக்கிளிக்கு யோசிக்க வேண்டியிருந்தது. கீழக்குயில்குடி மலைப்பாறையில் அவனுக்குச் சரியாக ஏறி இறங்கியவள்தான் அவளும். வயசுக்கு வந்ததும் அம்மா சோலையம்மாள் கதவைச் சாத்தினாள். 'கறுத்துப் போனா எவன்டி கட்டுவான்?' மஞ்சளும் பயத்தமாவும் தேய்த்துத் தேய்த்து, மூன்றே வருஷத்தில் பிள்ளையை எலுமிச்சை நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். வேலைக்குப் போன பிறகும் முழங்கை வரை கையுறை, கண்ணை மட்டும் விட்டுச் சுற்றிய துப்பட்டா.

"துணி காயப்போடுற நேரந்தான்," என்றாள். "பத்து நிமிசம்னு எழுதிக்கம்மா."

"வீட்டுக்குள்ள யாராச்சும் பீடி, சிகரெட்?"

"அய்யா குடிப்பாரு. வீடே பொகையாக் கெடக்கும். நான் எங்க வீட்ல இருந்தேன்..." சொல்லிக்கொண்டே வந்த முத்திருளன் நிறுத்தினான். வீட்டிலேயே இருந்தது யாரென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அப்ப அதுனாலதான் வந்துச்சா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது சார். பொகையும் இருக்கலாம், சின்ன வயசுல வெயிலே படாம வளந்ததும் இருக்கலாம். அதான் கேட்டுக்கிட்டே இருக்கோம்."

அம்மாமேல் செல்லக்கிளிக்குச் சுருக்கென்று ஒரு கோபம் வந்தது. பாவம், அவளும் பிரியத்தில்தானே பூட்டினாள். இதோ, இவனும் பிரியத்தில்தான் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. கையுறையையும் துப்பட்டாவையும் பைக்குள் திணித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுடா."

"வேணாம் புள்ள. எங்கிட்டாச்சும் விழுந்து வச்சா?"

"விழுந்தா எந்திரிப்பேன். இன்னும் எம்புட்டு நாளைக்குடா என்னைய நெழல்லயே வச்சிருப்பீக?"

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. சாவி உள்ளங்கையில் விழுந்தபோது அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

முதல் திருப்பத்தில் வண்டி கொஞ்சம் ஆடியது, பிறகு நேரானது. ஊரே பார்த்து ஒதுங்கும் கபடிக்காரன் பின்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா போக்கா," என்றான்.

செல்லக்கிளி திரும்பிப் பார்க்கவில்லை. காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தி, சுடிதார்க் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். எதிரே, மேற்கு பார்த்த சாலை முழுக்க வெயில் விழுந்து கிடந்தது.